சூப்பர்கேர்ளுக்கு முன் எதைப் பார்ப்பது?

தம்பி, புதுக்குடியிருப்பில் சிக்னலும் மட்டு, டேட்டாவும் கொஞ்சம், சூப்பர்கேர்ள் படத்துக்கு முன் டிசி நிறுவனத்தின் பழைய சூப்பர்ஹீரோ படங்கள் எல்லாம் பார்க்க வேணுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. 2025இல் வந்த சூப்பர்மேன் ஒன்றே போதும். இரவு டேட்டாவில் இறக்கி வையுங்கள்.

அதன் முடிவை மட்டும் தவறவிடாதீர்கள். காரா, அதாவது சூப்பர்கேர்ள், குடிவெறியில் தள்ளாடி வந்து கிரிப்டோ என்ற தன் நாயைக் கூட்டிக்கொண்டு போவாள். நம் மஞ்சள் சூரியன் அவளுக்குப் பலம் தருவதால், அதன் கீழ் குடித்தாலும் வெறி ஏறாது, அதனால்தான் சிவப்புச் சூரியன் உள்ள கோள்களைத் தேடிப் போகிறாள். ஆனால் அங்கே அவளுடைய பலமும் போய்விடும்! 2021இல் தொடங்கிய மூலச் சித்திரக்கதையும் அப்படியொரு கோளில்தான் ஆரம்பிக்கிறது. படத்தின் பெரிய சண்டையும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், பறக்க முடியாத நிலையில்தான் நடக்கும் என்பது என் ஊகம். நினைக்கவே புல்லரிக்கிறது. அப்புறம், லோபோ என்ற விண்வெளிக் கூலி வேட்டைக்காரனாக நடிகர் ஜேசன் மொமோவா வேறு!