வேகன் ஆரா, ஸ்விஃப்ட்டா?

கே: வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு மூட்டுவலி. மாருதி வேகன் ஆர், ஸ்விஃப்ட் இரண்டில் எதில் உட்கார வசதி?
– ஈரோடு வாசகர்

ப: அம்மாவுக்காக என்றால் வேகன் ஆர்தான். அதன் உயரம் 1,675 மி.மீ.; ஸ்விஃப்ட் 1,520. சீட்டும் உயரம் என்பதால் குனியாமல், முழங்காலை அதிகம் மடக்காமல் அப்படியே உட்காரலாம். டிக்கியும் பெரிது: 341 லிட்டர், ஸ்விஃப்ட்டில் 265.

ஆனால் பின்னால் மூன்று பேர் என்றால் தோள் இடிக்கும். வேகன் ஆரின் அகலம் 1,620 மி.மீ.தான், ஸ்விஃப்ட் 1,735. வளைவுகளில் இடுப்பை அணைத்துப் பிடிப்பதும் ஸ்விஃப்ட்டின் முன்சீட்டுதான்.

ஷோரூமில் டிரைவர் சீட்டை உங்கள் கால் அளவுக்குத் தள்ளிவிட்டு, பின்னால் அம்மாவைக் கால் மணி நேரம் உட்காரவையுங்கள். தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே கை எளிதாக நுழைந்தால், தொடைக்குத் தாங்கல் போதாது, நெடும்பயணத்தில் வலிக்கும்.