படம் தடையின்றி ஓடுகிறது, அழைப்பில் குரல் மட்டும் ஏன் திணறுகிறது?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. வேகப் பரிசோதனை செய்தால் அந்த அளவு வரத்தான் செய்கிறது. திரைப்படங்கள் தடங்கலே இல்லாமல் ஓடுகின்றன. ஆனால் இரவில் மகளுடன் வீடியோ அழைப்பில் பேசினால், என் குரல் அவளுக்கு விட்டு விட்டுக் கேட்கிறதாம். அவள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு தகவல்களே பாதி விடையைத் தந்துவிட்டன. படம் ஓடுகிறது, பேச்சு ஓடவில்லை என்பது ஒன்று. அவள் குரல் வருகிறது, உங்கள் குரல் போகவில்லை என்பது மற்றொன்று.

முதலில் படத்தைப் பார்ப்போம். திரைப்படம் ஏற்கெனவே எடுத்து முடித்த ஒன்று. அதனால் செயலி அடுத்த பல விநாடிகளுக்கான காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் இணைப்பு இரண்டு விநாடி தடுமாறினாலும் கையிருப்பிலிருந்து ஓட்டிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. பேச்சில் அந்த வசதி கிடையாது. நீங்கள் இன்னும் சொல்லாத சொல்லை யாரும் முன்கூட்டி இறக்கி வைக்க முடியாது அல்லவா?

அழைப்புச் செயலிகள் பெரும்பாலும் உங்கள் குரலை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பாக்கெட்டாக அனுப்புகின்றன. விநாடிக்கு 50 பாக்கெட். குரலைச் சுருக்க இன்று பரவலாகப் பயன்படுவது 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற முறை. 32 கேபிபிஎஸ் (1,000 கேபிபிஎஸ் சேர்ந்தால் 1 எம்பிபிஎஸ்) இருந்தாலே அதில் பேச்சு நன்றாக இருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஏறும் முகவரிச் சுமையையும் சேர்த்தால் 50 கேபிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். உங்கள் இணைப்பின் அளவு இதைப்போல் 2,000 மடங்கு. வீடியோவுக்கு ஓரிரு எம்பிபிஎஸ் சேர்த்துக்கொண்டாலும் 100 என்பது ஏராளம். அதை 200 ஆக்கி என்ன பயன்?

குரலுக்கு வேண்டியது நேரம் தவறாமை. ஒரு துண்டு தாமதமாக வந்தால், அதற்குரிய கணம் காதில் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். அதனால் செயலிக்குத் தாமதமாக வந்த பாக்கெட்டும் தொலைந்த பாக்கெட்டும் ஒன்றுதான். கோப்பு அனுப்பும்போது தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கலாம். இங்கே திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும். இதனாலேயே அழைப்புகள் பெரும்பாலும், மறுபடி கேட்காத யூடிபி முறையில் போகின்றன. விடுபட்ட இடத்தில், முந்தைய ஒலியை வைத்து ஓர் ஊகத்தைச் செயலி நிரப்பிவைக்கும். சில சமயம் குரல் இயந்திரம் பேசுவதுபோல் இழுபடுவது இப்படித்தான்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரை எட்ட 50 மில்லி விநாடி. இதை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் இதற்கு மேல் சேரும் தாமதத்தில் பெரும்பங்கு பல சமயம் வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது.

இனி உங்கள் இரண்டாவது தகவல். உங்கள் குரல் போகும் பாதை உங்கள் பதிவேற்றப் பாதை. பல இணைப்புகளில் பதிவிறக்கம் 100 இருந்தாலும் பதிவேற்றம் 10-தான் இருக்கும். இரவு நேரத்தில் வீட்டில் யார் யார் பதிவேற்றுகிறார்கள் என்று பாருங்கள். சார்ஜில் போட்ட செல்பேசி அன்று எடுத்த படங்களை மேகக் கிடங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். கண்காணிப்புக் கேமராவும் பதிவுகளை ஏற்றிக்கொண்டிருக்கலாம். இவை எல்லாம் ரூட்டரில் வரிசை கட்டி நிற்கின்றன, அந்த வரிசையின் கடைசியில் உங்கள் குரல். வரிசையில் 1 மெகாபைட் தேங்கினால் போதும், 10 எம்பிபிஎஸ் பாதையில் அது வடிய 0.8 விநாடி ஆகும். அதற்குள் 40 குரல் துண்டுகள் காலாவதியாகிவிடும்.

ரூட்டர் தயாரிப்பாளர்கள் ஒரு பாக்கெட்டும் தொலையக் கூடாது என்று நினைவகத்தைத் தாராளமாக வைத்ததன் விளைவு இது. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்து எழுதினார். 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். இத்தனை ஆண்டுகள் கழித்தும் விளம்பரங்கள் பதிவிறக்க எண் ஒன்றையே பெரிதாகக் காட்டுவது எனக்கு வருத்தம்தான். உங்களைப் போன்றவர்கள் தேவையில்லாத திட்டத்துக்குப் பணம் கட்டுவது அதனால்தான்.

ஊகத்தில் நிற்காமல் சோதித்துவிடலாம். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து முதலில் ரூட்டரின் முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளை அது. பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். விடை ஒருசில மில்லி விநாடிகளில் சீராக வர வேண்டும். 5, 4, 180, 6, 240 என்று துள்ளினால் குற்றவாளி வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சுற்றுப்புற ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். சுவர் தாண்டினால் அதன் வலு குறையும் என்பதால் ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கணினியில் பேசுபவராக இருந்தால் ஒரு லேன் கேபிள் செருகுவதற்கு ஈடான தீர்வு வேறில்லை.

ரூட்டர் வரை சீராக இருந்தால், வெளியே 8.8.8.8-க்கு (இது கூகுளின் பொதுச் சர்வர் ஒன்றின் முகவரி) பிங் அனுப்பிக்கொண்டே ஒரு பெரிய வீடியோவைப் பதிவேற்றுங்கள். சும்மா இருக்கும்போது 20 காட்டியது பதிவேற்றம் தொடங்கியதும் 400, 700 என்று ஏறினால் உங்கள் சிக்கல் இந்த வரிசைதான். அழைப்பு நேரத்தில் செல்பேசிப் படங்கள் மேகக் கிடங்குக்கு ஏறுவதைத் தள்ளிவைப்பது உடனடி மருந்து. நிரந்தரத் தீர்வு ரூட்டரில் இருக்கிறது. அமைப்புகளில் 'ஸ்மார்ட் க்யூ மேனேஜ்மென்ட்' அல்லது எஸ்க்யூஎம் என்று ஒன்று இருந்தால் இயக்கி, பதிவேற்ற வரம்பை உங்கள் உண்மையான அளவில் 90 சதவீதமாக வையுங்கள். பெரிய கோப்பின் பின்னால் சிறிய குரல் பாக்கெட்டுகளை நிறுத்திவைக்காமல், அவற்றுக்கு முறை வைத்து வழிவிடும் ஏற்பாடு அது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மகள் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் குறுக்கே சொல்வது மட்டும்தான் வெட்டுப்படுகிறதா? அப்படியானால் இணையத்தின் மேல் பழியில்லை. ஒலிபெருக்கியில் பேசும்போது, அவள் குரலே திரும்பிப் போய் எதிரொலிக்காமல் இருக்க, செயலி உங்கள் மைக்கை அடக்குகிறது. இயர்போன் மாட்டினால் சரியாகிவிடும். உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் இருந்தால் அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அது பாதையை நீட்டும்.

வைஃபையை அணைத்து, செல்பேசித் தரவில் ஒருமுறை அழைத்துப் பார்ப்பதும் நல்லது. அப்போதும் உங்கள் குரல் உடைந்தால் சிக்கல் மகளின் வீட்டு வைஃபையில் இருக்கலாம். இதே சோதனைகளை அவளைச் செய்யச் சொல்லுங்கள்.

வீட்டில் யாரும் எதையும் பதிவேற்றாதபோதும், ரூட்டர் வரை சீராக இருந்தும், வெளியே போகும் பிங் தவறுகிறதா? அது உங்களால் சரிசெய்யக்கூடியதல்ல. மூன்று நாள் இரவில் நேரம் குறித்து அந்த எண்களை எழுதிவைத்துக்கொண்டு சேவை நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். பேச்சை அவர்கள் புதிய திட்டத்தின் பக்கம் திருப்பினால், அதில் பதிவேற்ற வேகம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.