அப்பா கேட்டது இடைச்செருகலா?

கேள்வி: எனக்கு 32 வயது. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில், பழைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியம் உண்மையில் எந்த இடத்தில் முடிகிறது என்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது ஐந்தாவது ஆண்டு. உதவித்தொகை நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. அப்பா அரசு பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்திலிருந்து பணம் அனுப்புகிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் "எப்போது முடியும்?" என்பதைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. போருக்குப் போன ஒடிசியஸ் இருபது ஆண்டு கழித்து ஊர் திரும்புகிற கதையை ஒருமுறை சுருக்கமாகச் சொன்னேன். "ஊர் திரும்பினான், பெண்டாட்டியைப் பார்த்தான், சரி. அவனுடைய அப்பா இருந்தாரா, போய்விட்டாரா?" என்று கேட்டார். "அந்தப் பகுதி இடைச்செருகல், அப்பா" என்றேன். பேச்சை மாற்றிவிட்டார். இப்படிப்பட்டவருக்கு என் ஆய்வின் அருமையை எப்படிப் புரியவைப்பது? இதற்கிடையே என் நெறியாளர், பழைய கிரேக்க நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நாடகங்களில் ஒடிசி கேலி செய்யப்படுவதைப் பற்றி ஓர் இயல் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்தால் இன்னும் ஓராண்டு ஆகும். சேர்க்கலாமா? அப்பாவுடன் பேசுவதை மாதம் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டால் கவனம் சிதறாமல் இருக்குமா? ஊருக்கு வந்து நான்கு ஆண்டாகிறது. டிக்கெட் விலையும் ஏறிக்கிடக்கிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, அப்பாவுக்கு என் படிப்பு புரியவில்லை என்று மாதம் இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. வேதியியல் படிக்கிற பெண் எழுதுவாள், கணிதம் படிக்கிற பையன் எழுதுவான். அவர்களுக்கு எழுதுகிற பதிலை உங்களுக்கு எழுத முடியாது, ஏனென்றால் உங்கள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நீங்கள் அதை அவருடைய அறியாமைக்கு உதாரணமாக எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவள் நான். கிரேக்கம் தெரியாது, ஹோமரை ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஆனாலும் உங்கள் துறையில் இந்தக் கேள்விக்கு என்ன வயது என்று தெரியும். கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா நூலகத்துப் பண்டிதர்கள் இதில் தலையை உடைத்துக்கொண்டார்கள். பைசாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ், அவருக்குப் பின் அரிஸ்டார்க்கஸ். (முன்னவர் உங்கள் நாடகக்காரர் அல்லர், பெயர் மட்டும் ஒன்று.) 23-ஆம் காண்டத்தின் 296-ஆம் அடியில், கணவனும் மனைவியும் இருபது ஆண்டுக்குப் பிறகு பழைய கட்டிலுக்கு மகிழ்ச்சியாகப் போகிறார்கள் அல்லவா, அதுவே ஒடிசியின் முடிவு என்று இருவரும் கருதியதாகப் பழைய உரைக்குறிப்பு சொல்கிறது. நீங்களும் அந்தக் கட்சி என்று தெரிகிறது. இருங்கள். அதற்குச் சற்று இப்பால் வாருங்கள்.

அந்தக் கட்டிலோடு கதையை முடித்துவிட்டால், ஒடிசியஸின் தந்தை லெயர்ட்டீஸ் எங்கே? முதல் காண்டத்திலிருந்து அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறது காவியம். கிழவர் நகரத்துக்கு வருவதில்லை, தோட்டத்தோடு கிடக்கிறார், குளிர்காலத்தில் அடிமைகளோடு அடுப்புச் சாம்பல் ஓரத்தில் படுக்கிறார். தன்னை மணக்கக் கேட்டு வந்தவர்களை ஏய்க்க ஒடிசியஸின் மனைவி பெனலபி பகலில் நெய்து இரவில் பிரித்தாளே, மூன்று ஆண்டாக, அது யாருக்கான துணி? லெயர்ட்டீஸின் சவத்துக்குப் போர்த்துவதற்கு. இத்தனைக்கும் பிறகு மகன் ஊர் வந்து அப்பாவைப் பார்க்காமல் படுக்கப் போனான், கதை முடிந்தது என்று ஒருவர் சொன்னால் உங்கள் அப்பாவைப் போன்ற ஒரு மனிதருக்கு என்ன தோன்றும்? "அவனுடைய அப்பா இருந்தாரா?" என்று கேட்கத் தோன்றும். ஹோமர் படிக்காதவர், கிரேக்கம் அறியாதவர், நீங்கள் ஐந்து நிமிடத்தில் சொன்ன கதைச் சுருக்கத்திலிருந்து உங்கள் ஆய்வின் ஓட்டையில் நேராக விரலை வைத்திருக்கிறார். முப்பது ஆண்டு பஸ்ஸில் டிக்கெட் வாங்காதவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவராயிற்றே.

அதற்கு நீங்கள் சொன்ன விடை: இடைச்செருகல்.

உங்கள் ஆயுதத்தையே எடுத்துக்கொள்கிறேன். அரிஸ்டார்க்கஸ் ஓர் அடியைச் சந்தேகித்தால் என்ன செய்வார்? அடிக்கு இடப்பக்க ஓரத்தில் ஒரு சிறு கோடு போடுவார். அடியை விட்டுவிட மாட்டார். படிக்கிறவன் அடியையும் பார்ப்பான், கோட்டையும் பார்ப்பான், தானே முடிவு செய்துகொள்வான். நம் கம்பனுக்கும் மிகைப் பாடல் என்று ஒதுக்கியவற்றைப் பதிப்பாளர்கள் நூலிலேயே தனியாக அச்சிட்டுத்தான் வைத்தார்கள். கோடு போடுவது வேறு, வாயை மூட வைப்பது வேறு. இன்னொன்றையும் நீங்கள் அறியாதவர் அல்லர். 296-க்குப் பின் எல்லாமே போலி என்றால், அதே அரிஸ்டார்க்கஸ் கடைசியான 24-ஆம் காண்டத்தின் முதல் 204 அடிகளை மட்டும் ஏன் தனியாகச் சந்தேகித்தார்? பெனலபியை மணக்கக் கேட்டு வந்து ஒடிசியஸ் கையால் மாண்டவர்களின் ஆவிகள் கீழுலகம் போகிற பகுதி அது. மொத்தத்தையும் தள்ளியவர் அதற்குள் ஒரு பகுதியை மறுபடி தள்ளுவானேன்? பண்டிதர்கள் சொன்ன சொல்லுக்கு முடிவு என்ற பொருளைவிட இலக்கு என்ற பொருளே பொருந்தும் என்று வாதாடுகிறவர்கள் உங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். சரி, அந்தத் தனிச் சந்தேகம் 204-ஆம் அடியோடு நிற்கிறதே, 205-ஆம் அடியில் என்ன நடக்கிறது? ஒடிசியஸ் ஊரைவிட்டு இறங்கி அப்பாவின் தோட்டத்துக்குப் போகிறான்.

அந்தத் தோட்டத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோபத்தோடு. கிழவர் தனியாக ஒரு செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறார். ஒட்டுப்போட்ட அழுக்குச் சட்டை. முள் கீறாமல் இருக்கக் காலில் தோல் பட்டை, கையில் கையுறை. தலையில் ஆட்டுத்தோல் குல்லாய். மகன் ஒரு பேரிக்காய் மரத்தடியில் நின்று பார்க்கிறான், கண்ணீர் விடுகிறான். பிறகு என்ன செய்கிறான்? ஓடிப்போய்க் காலில் விழவில்லை. அப்பாவைச் சோதித்துப் பார்க்கலாமா என்று யோசித்து, வேற்றூரான்போல ஒரு பொய்க் கதையை அளக்கிறான். அதைக் கேட்டுக் கிழவர் இரண்டு கையாலும் புழுதியை வாரித் தலையில் கொட்டிக்கொண்டு விம்முகிறார். அப்போதுதான் மகனுக்கு மூக்கில் சுரீரென்று ஏறுகிறது. இந்தச் சோதனைக்கு அவசியம் என்ன என்று ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு விடை கிடைத்ததோ இல்லையோ, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. வெளியே போய்ப் பெரிய ஆளாகித் திரும்புகிறவனுக்கு அப்பா முன்னால் உடனே மகனாக நிற்க வரவில்லை. கொஞ்சம் சாமர்த்தியம் காட்டித் தொலைக்க வேண்டியிருக்கிறது. "இடைச்செருகல், அப்பா."

கிழவர் அடையாளம் கேட்கிறார். காலில் உள்ள தழும்பைக் காட்டுகிறான் ஒடிசியஸ். அது போதும்; ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. "நான் சிறுவனாக உங்கள் பின்னாலேயே இந்தத் தோட்டத்தில் ஓடிவந்து ஒவ்வொரு மரமாகக் கேட்டேன், நீங்கள் பெயர் சொன்னீர்கள், எனக்கென்று கொடுத்தீர்கள்" என்று எண்ணிச் சொல்கிறான்: பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, திராட்சைக் கொடி 50 வரிசை. கிழவருக்குக் கால் தளர்ந்துவிடுகிறது. டிராயைக் கவிழ்த்தவன், ஒற்றைக்கண் அரக்கனை ஏய்த்தவன், அப்பாவிடம் காட்டிய கடைசிச் சான்று சின்ன வயதில் தான் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன விடைகளும்தான். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்கள் கேள்விக்கெல்லாம் விடை சொல்லியிருப்பார். இப்போது அவர் முறை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

அவருக்குப் படிப்பு இல்லையே என்று நினைக்கிறீர்கள். உங்கள் துறையில் இருந்துகொண்டு இப்படி நினைக்க எப்படி முடிகிறது? மில்மன் பாரி (நம் பறம்பு மலைப் பாரி அல்லர், அமெரிக்கர்) 1928-லேயே பாரிஸில் ஹோமரின் அடைமொழிகளைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கிவிட்டார். அத்தோடு நூலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். 1933-லிருந்து வாய்மொழிப் பாடகர்களைத் தேடி யூகோஸ்லாவியாவுக்கு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே பியெலோ போல்யெ ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கசாப்புக்காரர், அவ்தோ மெஜெதோவிச், ஒடிசி அளவுக்கு நீளமான, 12,000 அடிகளுக்கு மேற்பட்ட பாட்டைச் சொன்னார். எழுத்தில்லாத ஒருவரால் இவ்வளவு பெரிய காவியத்தைக் கட்ட முடியும் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹோமரைப் பற்றிய பேச்சே மாறியது. பாடியவர்களைப் பாட வைத்ததோடு விடாமல், யாரிடம் கற்றாய், எப்படிக் கற்றாய் என்று உட்கார்ந்து கேட்டு அதையும் பதிவு செய்தார்கள். பாரி 1935-ல் இறந்துபோனார். மாணவர் ஆல்பர்ட் லார்ட் அந்த வேலையைத் தொடர்ந்து 1960-ல் நூலாக்கினார். ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்கப் பேராசிரியர் அயர்லாந்துக்கு மேற்கே பிளாஸ்கட் தீவில் மீனவர்களோடு பழகி, அவர்கள் பேச்சைக் கேட்ட பிறகே ஹோமரின் மொழி தனக்குத் திறந்தது என்று எழுதியிருக்கிறார். அவரிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்தவர்தான் ஈழத்துக் க. கைலாசபதி. பாரியும் லார்டும் காட்டிய வழியைச் சங்கப் பாடல்களுக்கு வைத்துப் பார்த்த அவருடைய நூல் 1968-ல் ஆக்ஸ்போர்டில் வந்தது. அதில் எனக்கு ஒப்பாத இடங்கள் உண்டு. ஆனால் நீங்கள் நிற்கிற இடத்தில் உங்களுக்கு முன்பே ஒரு தமிழர் நின்றிருக்கிறார், அவர் கிரேக்கத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீங்கள் வீட்டிலிருந்து வந்த கேள்வியைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

நெறியாளர் சொன்ன நகைச்சுவை நாடக இயலுக்கு வருவோம். அவர் மனதில் வைத்திருப்பது கி.மு. 422-ல் மேடையேறிய ‘குளவிகள்’ நாடகமாக இருக்கும். அதில் யார் யாரைப் பூட்டி வைக்கிறார்கள்? மகன் அப்பாவை. வீட்டைச் சுற்றி வலை. ஏனென்றால் அப்பாவுக்கு நீதிமன்றத்தில் நடுவர் குழுவில் உட்காருகிற பித்து. கிழவர் புகைபோக்கி வழியாக வெளியே வந்து "நான் புகை" என்கிறார். பிறகு ஒற்றைக்கண் அரக்கனிடமிருந்து ஒடிசியஸ் ஆட்டுக்கு அடியில் தொங்கித் தப்பியதுபோலக் கழுதையின் வயிற்றுக்கு அடியில் தொங்கிக்கொண்டு வருகிறார். யார் என்று கேட்டால், ஒடிசியஸ் அந்த அரக்கனிடம் சொன்னதுபோலவே, "யாருமில்லை" என்கிறார். ஊர் ஒடிசியஸின் ஊரான இத்தாக்கா என்கிறார். ஏதென்ஸ்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குள் அடைபட்ட ஒரு கிழவர் தன்னை "யாருமில்லை" என்று சொல்லிக்கொள்கிறார் என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது.

அந்த மகன் கெட்டவன் அல்லன். கஞ்சி தருகிறேன், மெத்தென்ற போர்வை தருகிறேன், உனக்கு என்ன குறை என்கிறான். கிழவருக்கு வேண்டியதோ நடுவர் வேலைக்கு அன்றாடம் கிடைக்கிற மூன்று ஓபோல் காசு. அதை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மகள் கால் கழுவிவிடுவாள், "அப்பா, அப்பா" என்று முத்தமிடுகிற சாக்கில் நாக்காலேயே காசைத் துழாவி எடுத்துக்கொள்வாள் என்று பெருமையாகச் சொல்கிறார். கிளியோன் என்ற அரசியல்வாதியைத் தாக்கிய நாடகம் இது என்று ஆய்வாளர்கள் சொல்வது உண்மைதான். எனக்கு அந்த வாயில் கிடக்கிற காசுதான் நாடகம். தன்னையும் ஒருவர் கேட்க வேண்டும், தான் கொண்டுவருவதை ஒருவர் ஓடிவந்து வாங்க வேண்டும். உங்கள் அப்பா அனுப்புகிற பணத்தை நீங்கள் வங்கிக் கணக்கில் வாங்குகிறீர்கள். அவர் கேட்ட கேள்வியை வாங்கவில்லை.

இயலை எழுதாதீர்கள். நகைச்சுவை தாழ்ந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. கையில் இருப்பதை முடிக்க வக்கில்லாதவர்கள்தான் ஐந்தாவது ஆண்டில் புது இயல் தொடங்குவார்கள், இதை நான் என் மாணவர்களிடமே நிறையப் பார்த்துவிட்டேன். ஆய்வேட்டில் 24-ஆம் காண்டத்தை எதிர்கொண்டு ஒரு இயல் இல்லையென்றால், அதைத்தான் எழுத வேண்டும். அது போலி என்றே நிறுவுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நிறுவிவிட்டு, போலி என்றாலும் இத்தனை நூற்றாண்டுக் காலம் படியெடுத்தவர்கள் ஏன் அதை விட்டுவிட மனம் வராமல் எழுதிவைத்தார்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள்.

பேச்சைக் குறைப்பதா? மாதம் ஒருமுறை என்று அப்பாவுக்கு நாள் குறிக்க நீங்கள் யார்? அவருடைய பென்ஷனில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் கனக்கிறதா? பெற்றவருக்குப் பிள்ளை பட்ட கடன் பணத்தால் தீர்வதில்லை என்று நம்புகிற பழைய காலத்து மனுஷி நான், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. வரும் ஞாயிறு நீங்களே கூப்பிடுங்கள். எப்போது முடியும் என்று அவர் கேட்பதற்கு முன்னால், அன்றைக்குக் கேட்டீர்களே அப்பா, அவர் இருந்தார் என்று தொடங்குங்கள். குல்லாயைச் சொல்லுங்கள், கையுறையைச் சொல்லுங்கள். மரங்களின் எண்ணிக்கையைத் தப்பில்லாமல் சொல்லுங்கள், நடத்துநர் மனக்கணக்கில் கூட்டிப் பார்ப்பார். கடைசியில் தாத்தாவும் மகனும் பேரனும் மூன்று பேரும் ஆயுதத்தோடு வரிசையாக நிற்கிறார்களே, லெயர்ட்டீஸ் "இது என்ன நாள்!" என்று பூரித்துப்போகிறாரே, அதை அவசரப்படாமல் சொல்லுங்கள். அவர் மேலே ஏதாவது கேட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் நன்றி சொல்கிற பக்கத்துக்கு அல்ல, வாதத்துக்கே தேவைப்படலாம்.

டிக்கெட்டுக்குப் பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் இல்லாத மாதமாகப் பாருங்கள், விலை இறங்கியிருக்கும். பதிவு செய்து கையில் வாங்கிய பிறகு வீட்டில் சொல்லுங்கள். வரலாம், வரப் பார்க்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லி அவரை வாசலில் உட்கார வைக்காதீர்கள்.