அமெரிக்காவில் கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கிவைத்த இனப் பிரிவினைக்கு எதிரான போராட்டத்தில் அதிகம் பேசப்படாத இளம் போராளி யார்?

பார்பரா ஜான்ஸ். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம் கொடுக்க மறுத்தது 1955இல். அதற்கு நாலு வருஷம் முன்பே, 16 வயதில், ஒரு பள்ளிக்கூடத்தையே வேலைநிறுத்தத்தில் இறக்கியவர் இவர்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி சுமார் 180 பேருக்காகக் கட்டப்பட்டது. படித்தவர்களோ 450க்கும் மேல். இடம் போதாமல், மரச்சட்டத்தின் மேல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்பை ஒட்டி உட்கார்ந்த பிள்ளைக்கு வியர்க்கும், தள்ளி உட்கார்ந்த பிள்ளை கோட்டைக் கழற்ற முடியாது. வெள்ளையர் பள்ளிக்கு நல்ல கட்டடம் இருந்தது.

1951 ஏப்ரல் 23. உங்கள் மாணவர்கள் பேருந்து நிலையத்தில் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஒரு போன். அவர் கிளம்பியதும், எல்லோரும் அரங்குக்கு வரவும் என்று அவர் பெயரில் துண்டுச்சீட்டு வகுப்பு வகுப்பாகப் போனது. திரை விலகினால் மேடையில் பார்பரா! ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். இதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பெரியவர்கள் யாருடைய வேலைக்கும் உலை வைக்காமல், பழி முழுவதும் பிள்ளைகள் மேலேயே விழும்படி அமைந்த திட்டம் அது.

வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. அவர்கள் கேட்டது புதுக் கட்டடம். உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரிவினையையே எதிர்த்து வழக்குப் போடச் சம்மதமா என்று கேட்டார்கள். சரி என்றார்கள். 1954இல் பள்ளிப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 'பிரவுன்' தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் இது ஒன்று. மாணவர்களே தொடங்கிவைத்தது இது மட்டும்தான்.

அதற்குள் மிரட்டலுக்குப் பயந்து, பார்பராவை அலபாமா மாநிலத்து மாண்ட்காமரியில் இருந்த பெரியப்பா வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபார்ம்வில் இருந்த மாவட்டமோ, இரு இனப் பிள்ளைகளையும் கலந்து படிக்க விடுவதைவிட மேல் என்று 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. ஐந்து வருஷம்! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்துகொண்டார்கள். கறுப்பினப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பே போனது.

அப்புறம் பார்பரா ஃபிலடெல்ஃபியாவில் பள்ளி நூலகராக வேலை பார்த்து, 1991இல் இறந்தார். தீர்ப்புக்கு அமைந்தது கான்சாஸ் மாநிலத்து மனுதாரர் பிரவுனின் பெயர். ஃபார்ம்வில் வழக்குக்கு, மனுதாரர் 117 மாணவர்களில் முதலில் எழுதியிருந்த டாரதி டேவிஸின் பெயர்.