லைட்டிங் பேக் வாங்கும் முன் சுவர் நிறத்தைப் பாருங்கள்

கேள்வி: ப்ளெண்டர் என்ற முப்பரிமாண (3டி) மென்பொருளில் எங்கள் வீட்டு ஹாலைச் செய்திருக்கிறேன். வெள்ளைச் சுவர், ரெட் ஆக்சைடு தரை, ஜன்னலோரம் குத்துவிளக்கு. எத்தனை லைட் வைத்தாலும் பொம்மை வீடு மாதிரியே இருக்கிறது. ‘ரியலிஸ்டிக் லைட்டிங் பேக்’ வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பேக்குகளில் பெரும்பாலும் எச்டிஆர்ஐ வானப் படங்கள்தான் (காட்சிக்கு வெளிச்சம் தரப் பயன்படும், சுற்றிலும் எடுத்த படங்கள்) இருக்கும். பாலி ஹேவன் தளத்தில் அவை சும்மாவே கிடைக்கின்றன. யாரும் எடுத்து விற்கலாம் என்பதுதான் அங்குள்ள உரிமம். ஆகவே விற்பவரைச் சட்டப்படி கேட்கவும் முடியாது. விளம்பரப் படத்தின் பளபளப்பு அநேகமாக போட்டோஷாப் வேலை.

முதலில் சுவர். வெள்ளை என்றதும் நிறத்தின் அளவை 1.0, அதாவது விழும் வெளிச்சம் முழுவதையும் திருப்பி அனுப்பும்படி வைத்திருப்பீர்கள். அப்படியொரு சுவர் உலகில் கிடையாது. நல்ல வெள்ளைப் பெயின்ட்டே விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். 1.0 வைத்தால் வெளிச்சம் குறையாமல் சுவருக்குச் சுவர் எகிறிக்கொண்டே இருக்கும்; மூலை முடுக்கில் நிழலே விழாது. 0.8க்கு இறக்குங்கள். தரைக்கும் சுத்தச் சிவப்பு வேண்டாம், பச்சையும் நீலமும் துளியாவது கலந்திருக்கட்டும். இல்லையென்றால் சுவரின் அடிப்பகுதி அநியாயத்துக்குச் சிவக்கும்.

இதைப் படித்துவிட்டுக் குத்துவிளக்கின் நிறத்தையும் மங்கலாக்கிவிடாதீர்கள். உலோகம் இதற்கு விலக்கு. மெருகேற்றிய அலுமினியம் 90 சதவீதத்தை ஒட்டித் திருப்பும், வெள்ளி அதற்கும் மேல். குத்துவிளக்கின் பித்தளைக்கு மெட்டாலிக் (பொருள் உலோகமா இல்லையா என்று சொல்லும் அளவு) 1 வைத்து, மஞ்சளை நன்றாக வெளிச்சமாகவே கொடுங்கள். ஆனால் பெயின்ட் அடித்த ஜன்னல் கம்பி இரும்பாகவே இருந்தாலும் மெட்டாலிக் 0தான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது பெயின்ட். எவர்சில்வர் குடம் உலோகம், எனாமல் பூசிய தட்டு உலோகமில்லை. பயிற்சி மையங்களில் பட்டன் பட்டனாகச் சொல்லித் தருகிறார்கள், இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஃபீஸ் மட்டும் கறாராக வாங்கிவிடுகிறார்கள்.

அப்புறம், சேர்த்த லைட்டையெல்லாம் அணையுங்கள். ஜன்னல் வழியே வான வெளிச்சம் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்) அளவில், உள்ளே ஒரே ஒரு பல்ப் 2700 கெல்வினில். ஒரு பக்கம் மஞ்சள், அதற்கு எதிரே ஜன்னல் பக்கம் லேசான நீலமாகத் தெரியும். எல்லா லைட்டும் ஒரே வெள்ளையாக இருந்தால் பொம்மை வீடுதான் வரும்.

கலர் மேனேஜ்மென்ட்டில் ‘வியூ டிரான்ஸ்ஃபார்ம்’ (கணக்கிட்ட வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் முறை) ஸ்டாண்டர்ட் என்றிருந்தால் ஏஜிஎக்ஸுக்கு மாற்றுங்கள், 4.0 பதிப்பிலிருந்து அதுதான் டீஃபால்ட், பழைய ஃபைல் என்றால் மாறியிருக்காது. ஜன்னல் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிவது குறையும். படம் இருட்டாக வந்தால் இன்னொரு லைட்டைச் சேர்க்காதீர்கள். அங்கேயே எக்ஸ்போஷர் (படம் முழுவதன் வெளிச்ச அளவு) இருக்கிறது, அதை ஏற்றுங்கள்.