தேசிய தின விடுமுறையில் சீனாவைச் சுற்ற வேண்டுமா? கேளுங்கள்

சியான் நகரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து ஆறு வருடம் ஆகிறது. செப்டம்பர் பிறந்தால் புதிதாக வந்த நம்மூர் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக இதையே கேட்பதால், இந்த 2025 விடுமுறைக்கு மொத்தமாக இங்கேயே கேட்டுவிடுங்கள். விசா பற்றி வேண்டாம், அதற்கு உங்கள் பள்ளியின் வாய்பான், அதாவது வெளிநாட்டவர் விவகார அலுவலகம், இருக்கிறது.

அண்ணா, எட்டு நாள் லீவு என்றார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். ஏமாற்று வேலையா?

இல்லை தம்பி, நாட்டுக்கே அப்படித்தான். இதற்கு தியாவ்ஷியூ என்று பெயர். நடுவில் வரும் வேலை நாட்களை லீவாக்கிவிட்டு, சனி ஞாயிறில் அதை ஈடுகட்டுவார்கள். 2025-ல் அக்டோபர் 1 முதல் 8 வரை லீவு, அதற்கு செப்டம்பர் 28 ஞாயிறும் அக்டோபர் 11 சனியும் வேலை நாள். இதைப் பார்க்காமல் 27 இரவே கிளம்ப டிக்கெட் போட்டுவிட்டு வாய்பானில் போய் நிற்காதீர்கள். நான் நின்றிருக்கிறேன்.

ரயில் டிக்கெட் எப்போது போடுவது?

சீன ரயில்வேயின் 12306 செயலியில் 15 நாள் முன்னால் திறக்கும், பயண நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். அக்டோபர் 1 ரயிலுக்கு செப்டம்பர் 17. நம்ம ஊர் தட்கல் மாதிரிதான், விரல் தயாராக இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதிலேயே காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடுங்கள், பலருக்குக் கிடைத்திருக்கிறது.

இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. செயலியோ பெயர் கேட்கும். முதல் வருடம் நான் சாமர்த்தியமாக அப்பா பெயரை அங்கே போட்டேன், சரிபார்ப்பில் தள்ளிவிட்டார்கள், அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் டிக்கெட் காலி. பாஸ்போர்ட்டில் என்ன எழுத்து இருக்கிறதோ அதை மட்டும் போடுங்கள், பதிவை இன்றே முடியுங்கள். பயணத்தில் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், போட்டோகாப்பி ஆகாது.

இருக்கை இல்லாத டிக்கெட் வாங்கிப் போகலாமா சார்?

அதிவேக ரயிலில் நாலைந்து மணி நேரம் என்றால் சரி, இளவயசு தாங்கும். காசு மட்டும் குறையாது, இரண்டாம் வகுப்பு விலைதான். பழைய பச்சை ரயிலில் ராத்திரி முழுக்க என்றால் வேண்டவே வேண்டாம். நான் ஒருமுறை பெய்ஜிங்கிலிருந்து அப்படி வந்தேன். பெட்டிக் கோடியில் வெந்நீர்க் குழாய் பக்கத்தில் இடம், நூடுல்ஸ் டப்பாவோடு வருகிற ஒவ்வொருவருக்கும் எழுந்து வழிவிட வேண்டும். எதிரே ஒரு பாட்டி வீட்டிலிருந்தே மடக்கு முக்காலி கொண்டுவந்து, சூரியகாந்தி விதை கொறித்தபடி விடியும்வரை ராணிபோல உட்கார்ந்திருந்தார். அப்புறம் நானும் ஒரு முக்காலி வாங்கினேன்.

டிக்கெட் இன்னும் கிடைக்குமா? எத்தனை நாள் முன்னால் போட வேண்டும்?

15 நாள். மேலே இருக்கிறது.

சியானுக்கு வருகிறேன். சுடுமண் வீரர்களை ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், முன்பக்கத்து ஆட்களின் முதுகையும் சேர்த்து. வீரர் சிலைகள் நிற்கும் முதல் குழியின் கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடிக்கவே அரைமணி ஆகும். 1974-ல் கண்டெடுத்த வீரர்கள் நவம்பரிலும் அங்கேயேதான் நிற்பார்கள்.

லீவில் ஹான் யாங்லிங் போங்கள், விமான நிலையப் பக்கம். ஹான் பேரரசர் ஜிங்கின் கல்லறை. தோண்டிய குழிகளுக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், காலுக்குக் கீழே வரிசை வரிசையாகப் பொம்மைகள், ஒவ்வொன்றும் இரண்டடி உயரம். கை இருக்காது. உடைந்ததில்லை, கைகளை மரத்தில் செய்திருந்தார்கள், மக்கிவிட்டது. பன்றி, ஆடு, நாய் எல்லாம் சுடுமண்ணில் மந்தை மந்தையாக. எனக்கு வீரர்களைவிட இந்தப் பன்றிகளைப் பிடிக்கும்.

பெய்ஜிங்: பெருஞ்சுவர், அரண்மனை?

2012 அக்டோபர் 2 அன்று ஒரே நாளில் 1,82,000 பேர் பேரரசர்களின் பழைய அரண்மனைக்குள் போனார்கள். இப்போது உச்சவரம்பு உண்டு, முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஏழு நாள் முன்னால், இரவு 8 மணிக்குத் திறக்கும். பெருஞ்சுவரில் பாதாலிங் பகுதி வேண்டாம், அங்கே ஒரு நாள் வரம்பே 65,000 பேர். ஜின்ஷான்லிங் பகுதி தூரம்தான், ஆனால் நடக்க இடம் இருக்கும்.

கார் வாடகைக்கு எடுத்தால்?

நம் லைசென்ஸ் செல்லாது, சர்வதேச உரிமமும் செல்லாது. செல்லுபடியானாலும் வேண்டாம். லீவில் சிறிய கார்களுக்குச் சுங்கம் இலவசம், அதனால் ஊரே சாலையில்தான் நிற்கும்.

சுவான்ஜோவில் சோழர் கட்டிய கோயில் இருக்கிறதாமே, அதைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கிற பழைய துறைமுகம், நல்ல ஊர், போங்கள். ஆனால் சோழர் கட்டவில்லை. கையுவான் கோயில் 686-ல் தொடங்கிய பௌத்தக் கோயில். அதன் பெரிய மண்டபத்துப் பின்பக்கம் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய இரண்டு தூண்கள் உண்டு, இடிந்த வேறு கோயிலிலிருந்து மிங் அரசர்கள் காலத்தில் கொண்டுவந்து நிறுத்தியவை.

தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. நீங்கள் மறைக்கிறீர்கள்.

மறைக்க எனக்கென்ன லாபம்? கல்வெட்டு உண்டு, சகாப்தம் 1203, அதாவது 1281. சோழர் ஆட்சி 1279-லேயே முடிந்துவிட்டது. அதிலேயே கானின், அதாவது மங்கோலிய அரசரின், நலனுக்காக என்று இருக்கிறது, சீனாவை மங்கோலியர் ஆண்ட காலம். கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவர்கள் அந்நிய ஊரில் சிவனுக்குக் கோயில் எழுப்பி, தமிழில் எழுதியும் வைத்தார்கள். ராஜா படையோடு போய்க் கட்டியதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

வியாபாரிகளை அனுப்பியதே சோழர்தானே?

1281-லுமா?

சண்டையை விடுங்கள். நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சியானில் லியாங்பி என்கிற குளிர்ந்த நூடுல்ஸ். மற்ற ஊர்களில் புத்தர் கோயில் பக்கத்து உணவகங்கள். கீரைப் பொரியலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், அதனால் "இறைச்சி, கொழுப்பு, முட்டை வேண்டாம்" என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள்.

அண்ணா, ரயில் டிக்கெட்...

15 நாள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அதே 15 நாள்தான், 8-ஆம் தேதி ரயிலுக்குத் தனியாக எண்ணுங்கள். போன வருடம் ஒரு பெண் அதை மறந்து மூன்று ரயில் மாறி, வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து டிராலியோடு உள்ளே வந்தார்.