அப்பாவின் பெயரில் இன்னொருவரின் டாட் காம்

கேள்வி (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்): காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகே வலை, கயிறு, மிதவை விற்கும் கடை எங்களுடையது. 2009இல் அப்பா தன் பெயரிலேயே தொடங்கினார். 2021இல் டிரேட்மார்க் பதிவும் கிடைத்தது. அதே பெயரிலான டாட் காம் முகவரியை 2003 முதல் பெங்களூருவில் ஒருவர் வைத்திருக்கிறார். திறந்தால் வெற்றுப் பக்கம். மின்னஞ்சலில் விலை கேட்டேன், 60,000 ரூபாய் என்றார். 5,000 தருவதாகச் சொன்னேன், பதில் இல்லை. பதினைந்து நாளில் ஒப்படைக்காவிட்டால் டிரேட்மார்க் வழக்கும் சைபர் கிரைம் புகாரும் வரும் என்று கோபத்தில் எழுதிவிட்டேன். இப்போது இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்கிறார். இறந்துபோன என் அப்பாவின் பெயரைக் காட்டிப் பணம் பறிக்கிறார். வழக்குப் போட்டு வாங்க முடியுமா? — வாசகர், ராயபுரம்

பதில்: முடியாது. வழக்கும் வேண்டாம், இனி ஒரு மிரட்டல் கடிதமும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் மனவருத்தம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தீர்ப்பு எழுதுபவர் பார்க்கப்போவது இரண்டு தேதிகளைத்தான். முகவரி அவர் கைக்கு வந்தது 2003. அந்தப் பெயரில் உங்களுக்கு வணிக உரிமை பிறந்தது 2009. டாட் காம் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் தீர்க்கும் யு.டி.ஆர்.பி. விதிப்படி, எதிராளி கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்தார், கெட்ட நோக்கத்தோடு பயன்படுத்துகிறார் என்று இரண்டையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் கடை திறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கடையைக் குறிவைத்து ஒருவர் எப்படிப் பதிவு செய்திருப்பார்?

நடுவில் முகவரி கைமாறியிருந்தால் கதை வேறு. இப்போதைய உரிமையாளர் 2022இல் வாங்கியிருந்தால் 2022தான் கணக்கு. வீட்டுக்கு வில்லங்கம் பார்ப்பதுபோல் இதற்கும் பார்க்க வேண்டும். பார்த்தேன். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தில் அந்த முகவரியின் 2005ஆம் ஆண்டுப் பக்கம் இருக்கிறது. தொட்டிலில் ஒரு குழந்தை, கீழே உங்கள் அப்பாவின் அதே பெயர். பக்கத்தின் அடியில் இருக்கும் மின்னஞ்சலிலிருந்துதான் இன்று உங்களுக்குப் பதில் வருகிறது. அவர் தன் மகனுக்காக வாங்கிவைத்த முகவரி அது.

ஐந்து ஆண்டு பயன்படுத்தாவிட்டால் ரத்தாகும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது டிரேட்மார்க் சட்டம் 47ஆம் பிரிவு. பதிவு செய்த வணிகக் குறிக்குத்தான், அதாவது டிரேட்மார்க்குக்குத்தான், பொருந்தும். இணைய முகவரிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கட்டினால் போதும். 2004இல் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே வழக்கில் இணைய முகவரிக்கும் வணிகக் குறிபோல் பாதுகாப்பு உண்டு என்று சொன்னதையும் காட்டுவார்கள். அங்கே வென்றவர் முதலில் வந்தவர். இங்கே முதலில் வந்தவர் பெங்களூருக்காரர்.

என் கவலையெல்லாம் நீங்கள் எழுதிய மின்னஞ்சல்கள் மேல்தான். முதல் கடிதத்தில் "உங்கள் முகவரியை எனக்கு விற்பீர்களா, என்ன விலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். "உங்கள்" என்று எழுதியதால் அது அவருடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். விலை கேட்டவரும் நீங்களே. கேட்டதற்குப் பதிலாக ஒரு தொகை சொன்னது பணப்பறிப்பு ஆகாது. மூன்றாவது கடிதத்தில் அதே பொருளைத் திருட்டு என்கிறீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அவருடைய வழக்கறிஞர் படித்தால் உங்கள் பக்கம் பேச எதுவும் மிஞ்சாது.

டிரேட்மார்க் சட்டம் 142ஆம் பிரிவை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆதாரமில்லாமல் டிரேட்மார்க் வழக்கு மிரட்டல் விடுத்தால், மிரட்டப்பட்டவர் உங்கள்மேல் வழக்குப் போட்டுத் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம். யு.டி.ஆர்.பி.யில் போய்த் தோற்றாலோ, முகவரியைப் பறிக்கும் நோக்கத்தோடு வந்த புகார் என்று நடுவர் தீர்ப்பில் எழுதிவைக்கலாம். அபராதம் கிடையாது. ஆனால் அந்தத் தீர்ப்பு உங்கள் கடைப் பெயரோடு இணையத்தில் நிரந்தரமாகக் கிடக்கும். இந்தப் புகார்களை ஏற்கும் ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவருக்கான கட்டணமே 1,500 டாலர். வழக்கறிஞர் செலவு தனி. அவர் முதலில் கேட்ட 60,000 ரூபாயை அந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சைபர் கிரைம் பேச்சை அடியோடு விடுங்கள். சிவில் பேரத்தில் போலீசை இழுப்பது எந்த நீதிபதிக்கும் பிடிக்காது.

காலாவதியாகும்வரை காத்திருக்கலாம் என்று ஒரு யோசனை வரும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த திருவொற்றியூர்க்காரர் ஒருவர் உங்களைப் போலவே சூடாக எழுதினார். அதுவரை ஆண்டுதோறும் புதுப்பித்துவந்த உரிமையாளர் மறுவாரமே பத்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டார். பத்துதான் உச்சவரம்பு, அதையும் தொட்டுவிட்டார்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். இன்றே ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், வருந்துகிறேன், அது என் அப்பாவின் பெயர், அதனால் நிதானம் தவறிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மகனுக்காக வாங்கிவைத்தவருக்கு அது புரியும். தொகை பேசும் கடிதங்களின் தலைப்பில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி, சமரசப் பேச்சுக்காக மட்டும்; சாட்சியமாகக் காட்டக்கூடாது" என்று எழுதுங்கள். ஒரு லட்சத்துக்குள் முடிந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்றேகாலுக்கு மேல் போனால் விட்டுவிட்டு, கடைப் பெயரோடு "வலை" என்று சேர்த்து வேறு முகவரி பதிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் உங்கள் கடையைத் தேடி வருகிறார், டாட் காமைத் தேடி அல்ல.

பணம் கொடுக்கும் இடத்தில்தான் என்னிடம் வந்தவர்களில் அதிகம் பேர் ஏமாந்திருக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் ஒருவர், பதில் போட்டவர்தான் உரிமையாளர் என்று நம்பி 80,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினார். பதில் போட்டது முன்பு அந்தத் தளத்தை வடிவமைத்தவர். பதிவுக் கணக்கு வேறொருவர் கையில் இருந்தது. பணமும் திரும்பவில்லை, முகவரியும் வரவில்லை. நீங்கள் சொல்லும் ஒரு வரியை, உதாரணமாக அன்றைய தேதியையும் "காசிமேடு" என்ற சொல்லையும், அந்த வெற்றுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தளம் அவர் கையில் இருக்கிறதா என்று அது காட்டும்; பதிவுக் கணக்கும் அவருடையது என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது. அதனால் பிறகும் முழுத்தொகையை நேராக அனுப்பாதீர்கள். இரு தரப்புக்கும் நடுவில் பணத்தைப் பிடித்துவைக்கும் இடைநிலை வைப்புச் சேவை (எஸ்க்ரோ) வழியாகக் கொடுத்து, முகவரி உங்கள் கணக்குக்கு வந்ததும் விடுவியுங்கள்.

வாங்குவதற்கு முன் டிரேட்மார்க் பதிவேட்டில் அதே பெயரை மற்ற வகுப்புகளிலும், அதாவது வேறு வகைப் பொருள், சேவைகளுக்கும், யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அப்படி ஒருவர் உங்களுக்கு முன்பே பதிந்திருந்தால் உங்கள்மேல் புகார் சொல்ல முடியும், ஏனென்றால் அவருடைய 2003 என்ற தேதி உங்களுக்குக் கைமாறாது. வாங்கிய நாளிலிருந்துதான் உங்கள் தேதி தொடங்கும்.